மூட்டை கட்டாத சிமெண்டுக்குத் தரைக்கிடங்கு: திட்டமிடும் முறை

கடலைத் தூர்த்து மேடாக்கிய ஒரு நிலத்தில் 4,000 டன் சிமெண்டைச் சேமிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை 12 மீட்டர் விட்டமுள்ள ஒரே சைலோவில் (உயரமான உருளை வடிவச் சேமிப்புக் கலனில்) நிரப்பினால், சைலோவின் சொந்த எடையைச் சேர்க்காமலேயே அடித்தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 35 டன் இறங்கும். அதையே 3 மீட்டர் உயரத்துக்குத் தரையில் பரப்பினால், நன்றாகப் படிந்து இறுகிய பிறகும் சதுர மீட்டருக்கு 4.5 டன்னைத் தாண்டாது. வலுவில்லாத மண்ணில் சைலோவுக்குப் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தாங்குதூண்) அடிக்கும் செலவும், அதற்கு ஆகும் மாதங்களும் இந்த வேறுபாட்டினால்தான் வருகின்றன. ஏற்கெனவே நிற்கும் ஒரு ஷெட்டைச் சிமெண்டுக்கு மாற்றலாமா என்று பலரும் யோசிப்பதற்கும் காரணம் இதுவே.

யோசனை நல்லதுதான். ஆனால் சைலோவில் புவியீர்ப்பு இலவசமாகச் செய்து தரும் வேலையைத் தரைக்கிடங்கில் லோடரும் (முன்னால் பெரிய கரண்டி பொருத்திய அள்ளும் வண்டி) டீசலும் ஆட்களும் செய்ய வேண்டும். உள்ளே கொட்டுவது எளிது; வெளியே எடுப்பதில்தான் பணமும் தூசும் ஆபத்தும் இருக்கின்றன. ஆகவே திட்டத்தை எடுக்கும் முனையிலிருந்து தொடங்கி, நிரப்பும் முனைக்குப் பின்னோக்கி வருவதே சரியான வரிசை என்பது என் கருத்து. கீழே சொல்லப்படுவதெல்லாம் தூத்துக்குடிக் கரை போன்ற ஓர் இடத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்படுகிறது: 4,000 டன் சரக்குடன் சிறு கப்பல்கள் வருகின்றன, நாளொன்றுக்கு 500 டன் விற்பனையாகிறது.

ஒரே பொருள், இரண்டு குணங்கள்

காற்றழுத்தத்தால் குழாய் வழியே தள்ளப்பட்டு அப்போதுதான் விழுந்த சிமெண்ட் தண்ணீரைப் போல ஓடும். குவியலாக நிற்காது, மட்டம் தேடிப் பரவும், கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் அதன் வழியே வெளியேறும். அந்த நிலையில் ஒரு கன மீட்டர் சுமார் 1.1 முதல் 1.2 டன் எடையிருக்கும். காற்று வெளியேறிப் படிந்தபின் அதே கன மீட்டர் 1.4 அல்லது 1.5 டன் ஆகிவிடும். லோடர் வெட்டிய முகம் செங்குத்துச் சுவராக நிற்கும். ஒரு கரண்டி அள்ளியதும் சரிந்து வந்து அடுத்த கரண்டிக்குத் தயாராக நிற்கும் மணலைப் போன்றதல்ல இது. நிற்கிறது என்று நம்பி அருகில் போகும்போது ஒரே பாளமாக இடிந்து விழுவது.

கிடங்கின் ஒவ்வொரு பகுதியையும் இந்த இரண்டு குணங்களுக்கும் தனித்தனியே சோதித்துப் பார்க்க வேண்டும். சுவரும் கதவும் ஓடும் சிமெண்டுக்கு ஈடு கொடுக்க வேண்டும். அள்ளும் முறை இறுகிய சிமெண்டுக்கு ஈடு கொடுக்க வேண்டும்.

கொள்ளளவு: தரகர் சொல்லும் கணக்கும் உண்மைக் கணக்கும்

உள்ளளவு 50 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரத் தடுப்புச் சுவர் கொண்ட ஒரு ஷெட் வாடகைக்கு வருகிறது. குவியலின் உச்சி 8.6 மீட்டர் வரை போகலாம் என்று சொல்லி, நீளத்தையும் அகலத்தையும் உச்சியையும் பெருக்கி, அதை 1.4ஆல் பெருக்கி, 14,400 டன் கொள்ளும் என்று ஒருவர் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். இதில் இரண்டு பிழைகள் உள்ளன.

முதலாவது, குவியல் பெட்டி வடிவில் நிற்பதில்லை. சுவரின் மேல் 1 மீட்டர் இடம் விட்டு, அங்கிருந்து 25 பாகைச் சரிவில் நடுவே கூரை போல எழுந்து, திறந்திருக்கும் முன்பக்கம் தரைவரை சரிந்து, பின்சுவர்ப் பக்கமும் சரிந்து நிற்கும் குவியலைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 5,760 கன மீட்டர்தான் வரும். கன மீட்டருக்கு 1.2 டன் என்று கொண்டால் அது 6,900 டன். இரண்டாவது பிழை இன்னும் பெரியது. காற்றழுத்தத்தால் நிரப்பும்போது சிமெண்ட் அந்தக் கூரை வடிவத்தையே எடுப்பதில்லை. குளம்போல மட்டமாக நிற்கும். அப்போது 50, 24, 3 ஆகியவற்றைப் பெருக்கி வரும் 3,600 கன மீட்டரே உண்மை, அதாவது சுமார் 4,300 டன். அதுவும் முன்பக்கத்தை அடைத்தால்தான் கிடைக்கும். படிந்தபின் மட்டம் இறங்கும்போது மேலும் சிறிது நிரப்பலாம். ஆனால் கப்பல் நிற்கும் இரண்டு நாளில் அந்த நேரம் கிடைக்காது என்பதால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

நம் எடுத்துக்காட்டுக்கு இத்தகைய இரண்டு அறைகள் வேண்டும், அவற்றுக்கு நடுவே முழு உயரத் தடுப்புச் சுவரும் வேண்டும். வானிலையாலும் துறைமுக நெரிசலாலும் கப்பல் தாமதமாகும் என்று 5 நாள் கையிருப்பாக 2,500 டன் வைத்துக்கொள்கிறோம். அது முதல் அறையில் இருக்கும்போது கப்பல் வந்து இரண்டாம் அறையில் 4,000 டன் இறக்குகிறது. முதல் அறை 5 நாளில் காலியாகும். இரண்டாம் அறையில் அடுத்த 3 நாளில் 1,500 டன் எடுக்கப்பட்டு 2,500 டன் மீந்திருக்கும்போது, எட்டாம் நாள் அடுத்த கப்பல் வருகிறது. முதல் அறை காலியாக, சுத்தமாகக் காத்திருக்கிறது. பழையது முதலில் போக வேண்டும் என்ற விதியை ஒரே பெரிய அறையில் எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும் நடைமுறைப்படுத்த முடியாது, ஏனெனில் லோடர் ஓட்டுநர் அருகில் இருப்பதைத்தான் அள்ளுவார். இரண்டு அறைகள் இருந்தால் விதி தானே நடக்கும். இரண்டு வகைச் சிமெண்ட் விற்பதாக இருந்தால் நான்கு அறைகள் வேண்டும். மூன்றை வைத்துச் சமாளிக்கலாம் என்று தொடங்கியவர்கள் கலப்படப் புகாரில்தான் போய் நிற்கிறார்கள்.

சுவரும் முன் அடைப்பும்

படிந்த சிமெண்ட் 3 மீட்டர் உயரம் நின்றால், செங்குத்து அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் தள்ளும் என்ற வழக்கமான மண்ணழுத்தக் கணக்குப்படி, ஒரு மீட்டர் நீளச் சுவர்மேல் 2.25 டன் தள்ளுவிசை வரும். ஓடும் நிலையில் அழுத்தம் முழுவதுமே பக்கவாட்டிலும் செயல்படும், அடர்த்தி 1.2 என்று குறைத்துக் கொண்டாலும் விசை 5.4 டன். சுவரின் முழு 4 மீட்டருக்கும் நிரம்பினால் 9.6 டன். வடிவமைக்கும் பொறியாளரிடம் இந்தக் கடைசி எண்ணையே கொடுங்கள். மேலே ஒரு மீட்டர் காலியாக விடப்படும் என்ற வாக்குறுதி, கடைசி இரண்டு பல்க்கர் (மூட்டையில்லாச் சிமெண்டைத் தொட்டியில் கொண்டுவரும் லாரி) வாசலில் நிற்கும் இரவில் காற்றில் போகும்.

வாடகை ஷெட்களில் பெரும்பாலும் செங்கல் சுவரும் தகர மறைப்பும்தான் இருக்கும். அவை மூட்டைக்குப் போதும், இதற்குப் போதாது. தரையில் சொந்தக் காலில் நிற்கும் கான்கிரீட் தடுப்புச் சுவரை உள்ளே தனியாக எழுப்ப வேண்டும். ஷெட்டின் இரும்புத் தூண்களில் அதைச் சாய்க்கக் கூடாது. லோடர் குவியலைத் தள்ளிச் சுவரோடு நெருக்கும் விசையும் உண்டு என்பதால், தரையிலிருந்து முதல் ஒரு மீட்டருக்கு மோதலையும் தாங்கும் தடிமன் தேவை.

முன்பக்கத்தில் இருபுறமும் இரும்புத் தூண் நட்டு, நடுவிலும் கழற்றக்கூடிய தூண்கள் வைத்து, அவற்றின் பள்ளத்தில் எஃகுப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் முறை சிறந்தது. மதகுக்குப் பலகை போடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பலகைகளின் இணைப்பில் ரப்பர் பட்டை இருக்க வேண்டும். நிரப்பி முடித்து ஓர் இரவாவது கழிந்தபின், மேலிருந்து கீழாக மட்டுமே பலகைகளை எடுக்க வேண்டும். ஒவ்வொரு பலகையையும் எடுக்குமுன் அதன் பின்னால் உள்ள சிமெண்டை ஒரு கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். கம்பி தடையின்றி இறங்கினால் இன்னும் காற்று இருக்கிறது என்று பொருள். மறுநாள் வரை விட்டுவிடுங்கள்.

ஈரம் வரும் நான்கு வழிகள்

தரையிலிருந்து வரும் ஈரத்தைத் தடுக்க, கான்கிரீட் தளத்தின் அடியில் 250 மைக்ரான் பாலிதீன் விரிப்பை நன்றாக ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி போட்டு, இணைப்புகளை ஒட்ட வேண்டும். தளத்தின் தடிமனைச் சிமெண்டின் எடை தீர்மானிப்பதில்லை. சுமையோடு திரும்பும் லோடரின் முன் அச்சில் 12 டன்னுக்கு மேல் இறங்கும், அதுதான் தீர்மானிக்கிறது. தளத்தில் வெடிப்பு விழுந்தால் விரிப்பும் கிழியும் என்பதால் இங்கே கஞ்சத்தனம் கூடாது.

பக்கவாட்டு வெள்ளம் அடுத்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்தக் கரையில் கிடங்கு வைப்பவர் சாலை மட்டத்தைப் பார்த்துத் தளமட்டம் நிர்ணயிக்கக் கூடாது. அந்த நாட்களில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்துச் சுவர்க் கறையைப் பார்த்து, அதற்கு மேல் அரை மீட்டர் சேர்க்க வேண்டும். கிடங்குக்குள் தண்ணீர்க் குழாயும் வேண்டாம், வடிகாலும் வேண்டாம்: வடிகால் என்பது வெள்ளத்தில் உள்ளே வரும் வழியும்கூட.

மூன்றாவது வழி கூரை. ஓட்டையைப் பற்றி யாரும் எச்சரிக்கத் தேவையில்லை. ஓட்டையே இல்லாத கூரையிலிருந்து சொட்டும் நீரைத்தான் பலரும் எதிர்பார்ப்பதில்லை. ஆலையிலிருந்து சூடாக ஏற்றிய சிமெண்ட், கப்பலின் வயிற்றில் சில நாள் பயணித்தபின்னும் வெதுவெதுப்பாகவே வந்து சேரும். அது உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்கும். மார்கழி இரவில் குளிர்ந்த தகரத்தின் அடியில் அந்தக் காற்றின் ஈரம் வியர்வையாகப் பூக்கும். கூரைச் சட்டங்களின் ஓரமாக ஓடிச் சேர்ந்து, விடியும் நேரத்தில் வரிசையாகச் சொட்டும். அப்படி ஒரு கிடங்கில் காலையில் ஏணியேறிப் பார்த்தேன். குவியலின் மேற்பரப்பில், ஒவ்வொரு சட்டத்துக்கும் நேர் கீழே, பாயில் வடகம் பிழிந்து காய வைத்ததுபோல உருண்டை உருண்டையாகக் கட்டிகள் வரிசை பிடித்து நின்றன. மூன்று வாரமாகக் கட்டி வருகிறது என்று வாடிக்கையாளர்கள் சொன்ன புகாருக்கு அதுவரை ஆலையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தகரத்தின் அடியில் வெப்பத்தடுப்புப் படலம் ஒட்டுவதே இதற்குத் தீர்வு.

நான்காவது வழி காற்று. 28 பாகை வெப்பமும் 90 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள மழைக்காலக் காற்றின் ஒவ்வொரு 1,000 கன மீட்டரிலும் ஏறத்தாழ 24 கிலோ நீர் ஆவியாக இருக்கிறது. காற்றோட்டம் நல்லது என்ற வீட்டுக் கணக்கு இங்கே செல்லாது. சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள திறப்புகளை அடைத்து, வேலையில்லாத நேரத்தில் கதவை மூடி வைக்க வேண்டும். சிமெண்டை ஓட்டுவதற்காகச் செலுத்தும் காற்று உலர்த்தி வழியாகவே வர வேண்டும்.

நிரப்புதல்

கப்பலிலிருந்து பல்க்கர் லாரிகள் 28 டன் வீதம் கொண்டு வந்தால் 4,000 டன்னுக்கு 143 நடை. ஒரு லாரி இணைத்து, இறக்கி, கழற்றிப் போக ஒரு மணி நேரம் என்று கொண்டு, ஒரே சமயத்தில் மூன்று இறக்கினால் மணிக்கு 84 டன். கப்பல் 48 மணி நேரத்தில் காலியாகும். மூன்று இணைப்புக் குழாய்களும் 100 மில்லிமீட்டர் விட்டத்தில், திருப்பங்கள் நீண்ட வளைவாக, கூரையின் நடுவே போய் அறையின் நீளத்தில் பல இடங்களில் விழும்படி அமைய வேண்டும். ஒரே இடத்தில் விழ விட்டால் தூரத்து மூலை நிரம்பாது.

குழாயில் வரும் காற்று முழுவதும் எங்காவது வெளியேறியாக வேண்டும். ஒரு பல்க்கரின் புளோயர் (காற்றூதி) நிமிடத்துக்குச் சுமார் 12 கன மீட்டர் தள்ளினால் மூன்றுக்கும் 36. இத்துடன் கணக்கு முடிவதில்லை. சிமெண்ட் தீர்ந்த கணத்தில், 2 பார் அழுத்தத்தில் இருக்கும் 25 கன மீட்டர்த் தொட்டி, சுமார் 50 கன மீட்டர் காற்றை ஒரே மூச்சில் கிடங்குக்குள் விடும். தகர இணைப்புகளில் சாம்பல் நிறப் புகை பீறிட்டு அக்கம்பக்கத்தார் போன் செய்வது பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான். எனவே நிமிடத்துக்கு 90 கன மீட்டர் என்று வைத்து, துணிப் பரப்பில் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 1 கன மீட்டர் என்ற பாதுகாப்பான விகிதத்தில் 90 சதுர மீட்டர் பை வடிகட்டி அமைக்கலாம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவுக்கு விண்ணப்பிக்கும்போதும் இந்தக் கணக்கு கையில் இருப்பது உதவும்.

இணைப்புக் குழாய் ஒவ்வொன்றிலும் மூடியும் பூட்டும் இருக்கட்டும். சாவி எடைமேடை அலுவலகத்தில் இருக்கட்டும். எடைச் சீட்டைப் பார்த்தபின்தான் சாவி தர வேண்டும். ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) லாரியும் சிமெண்ட் லாரியும் வெளித்தோற்றத்தில் ஒன்றே.

அள்ளி ஏற்றுதல்

3 கன மீட்டர் கரண்டியுள்ள லோடர் ஒரு முறைக்கு 3 டன் எடுக்கும். 30 டன் லாரிக்குப் பத்து கரண்டி, ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடம் என்றால் மணிக்கு 90 டன் என்று காகிதம் சொல்லும். தூசு அடங்கக் காத்திருப்பதும், முகத்தைச் சரித்துவிடுவதும், தரையை வழிப்பதும் சேர்ந்தால் 60 டன் கிடைத்தாலே நல்ல ஓட்டுநர். 500 டன்னுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. ஒரே லோடரை நம்பினால் அது பழுதாகும் நாளில் விற்பனை நின்றுவிடும்; இரண்டாவது ஒன்றை வாடகைக்காவது ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். சிமெண்டில் வேலை செய்யும் லோடரின் காற்று வடிகட்டியையும் ரேடியேட்டரையும் தினமும் துப்புரவு செய்யாவிட்டால் அந்த நாள் விரைவிலேயே வரும்.

லோடரிலிருந்து நேராக லாரியில் கொட்டும் முறை இங்கே உதவாது, ஏனெனில் பல்க்கரின் வாய் சிறியது. கரண்டி கொட்டும் ஹாப்பர் (புனல் வடிவத் தொட்டி), அதன்மேல் கம்பி வலை, அடியில் ஸ்க்ரூ கன்வேயர் (திருகு சுழன்று சிமெண்டைத் தள்ளும் கருவி), அங்கிருந்து பக்கெட் எலிவேட்டர் (வாளிகளில் மேலே தூக்கும் கருவி), மேலே கட்டியைப் பிரிக்கும் அதிர்வுச் சல்லடை, அதன் கீழ் எடைமேடைக்கு மேல் நிற்கும் 100 டன் தொட்டி, கடைசியில் தூசு உறிஞ்சும் வசதியுள்ள நீளும் குழல் என்று வரிசை போகும். ஹாப்பருக்குக் குழி தோண்டுவது உள்நாட்டில் சரி. கடற்கரையில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருப்பதால் குழியைத் தவிர்த்து, லோடர் ஏறிவர ஒரு சாய்தளம் கட்டுவதே நல்லது. அந்த 100 டன் தொட்டி ஆடம்பரமல்ல. முந்தின மாலை நிரப்பி வைத்தால், காலையில் வரும் முதல் மூன்று லாரிகள் காத்திருக்காமல் போய்விடும்.

தரையிலேயே சரிவுகள் அமைத்து, துணிவழியே காற்றூட்டி, சிமெண்டைத் தானே ஓடச் செய்யும் ஏர்ஸ்லைடு முறையும் உண்டு. லோடர் வேலை பெரிதும் குறையும்; கட்டுமானச் செலவு சைலோவை நெருங்கும். வாடகை ஷெட்டில் அதைச் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளுக்கு 1,000 டன்னைத் தாண்டும் விற்பனை வந்துவிட்டால், தரைக்கிடங்கை மேம்படுத்துவதை விட்டு சைலோவுக்கே போய்விடலாம்.

உள்ளே இருக்கும் ஆட்கள்

குவியலின் முகம் லோடர் கரண்டி எட்டும் உயரத்தைத் தாண்டக் கூடாது. அடியில் குடைந்து மேலே பாளத்தைத் தொங்கவிடக் கூடாது. மேல் விளிம்பை முதலில் சரித்துவிட்டு அள்ள வேண்டும். குவியலின் மேல் எவரும் நடக்கக் கூடாது, படிந்து கெட்டியாகத் தெரியும் மேற்பரப்பின் கீழே வெற்றிடம் இருக்கலாம். லோடர் இயங்கும்போது அறைக்குள் நடந்து செல்பவர் ஒருவரும் இருக்கக் கூடாது. தூசில் ஓட்டுநருக்கு இரண்டடிக்கு அப்பால் தெரியாத நிமிடங்கள் உண்டு. மூடிய கூடத்தில் டீசல் புகையும் சேரும் என்பதால், ஓட்டுநர் அறை வடிகட்டிய காற்றால் அழுத்தமூட்டப்பட்டதாக இருக்க வேண்டும்.

வியர்வையோடு சேர்ந்த சிமெண்ட் கடும் காரம். தோலை மெல்லப் புண்ணாக்கும், கண்ணில் விழுந்தால் உடனே கழுவ வேண்டும். கண் கழுவும் நீர் கிடங்கின் வாசலில், வெளியே இருக்கட்டும். கையைக் குவியலுக்குள் விட்டு, சில்லென்று இருக்கிறதா என்று பார்க்கும் பழைய மேஸ்திரிகளின் வழக்கத்தைக் கையுறையோடு செய்யச் சொல்லுங்கள். துண்டை மூக்கில் கட்டுவதற்குப் பதில் என்95 முகமூடி கொடுங்கள்.

கணக்கும் தரமும்

சிமெண்ட் கட்டி எல்லாம் கெட்ட கட்டி அல்ல. கையுறை போட்ட விரல்களுக்கிடையே நசுக்கினால் மாவாக உதிர்வது அழுத்தத்தால் இறுகியது. சல்லடையில் உடைந்து போகும், விற்கலாம். நசுங்காதது ஈரம் பட்டது. அதைத் திரும்பக் குவியலில் கலக்கக் கூடாது. சல்லடையில் நிற்கும் நசுங்காத கட்டியை நாள்தோறும் எடைபோட்டு ஒரு நோட்டில் எழுதி வந்தால், கூரையிலோ தரையிலோ புதிதாக ஈரம் நுழைந்ததை வாடிக்கையாளர் சொல்வதற்கு முன்னரே அறியலாம். இறுகும் நேரம், நுண்மை, வலிமைச் சோதனைகளுக்கு ஒவ்வொரு கப்பல் சரக்கிலும் மாதிரி எடுத்து வைக்க வேண்டும். உற்பத்தியாகி மூன்று மாதம் கடந்த சிமெண்டை மறுசோதனை இல்லாமல் விற்கக் கூடாது. இந்தச் சுழற்சியில் அந்த வயதை எட்டுவது மூலைகளிலும் தூணடிகளிலும் தேங்குவதுதான். அந்த மூலைகளைக் கான்கிரீட்டால் சரிவாக நிரப்பிவிட்டால் தேங்க இடமிருக்காது.

குவியலை அளந்து இருப்பு சொல்வதில் எப்போதும் தகராறு வரும். லேசர் கருவியால் கன அளவைத் துல்லியமாக எடுத்தாலும், அடர்த்தி 1.2 என்று ஒருவரும் 1.4 என்று மற்றவரும் பெருக்கினால் 3,000 கன மீட்டரில் 600 டன் வேறுபடும். நம்பத்தக்கது முத்திரையிட்ட எடைமேடையின் வரவும் செலவும் மட்டுமே. அறை காலியாகும் ஒவ்வொரு முறையும் தரை தெரியும் வரை வழித்து, பள்ளங்களைத் தூசு உறிஞ்சும் இயந்திரத்தால் எடுத்து, அந்த அறையின் இருப்பைப் பூஜ்யமாக்கி, வரவுக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாட்டை அன்றே கையொப்பத்துடன் பதிய வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அதற்குச் சரியாக 3 நாள் கிடைக்கிறது. தளத்தின் வெடிப்புகளை அடைப்பதும், முன்பலகைகளின் ரப்பரை மாற்றுவதும், வடிகட்டிப் பைகளைப் பார்ப்பதும் அந்த 3 நாட்களுக்குள்தான் நடந்தாக வேண்டும்.